‘விரைவில் வருகிறது!’ – காமிக்ஸ் அறிவிப்புகளும் பவணந்தியார் அளவுகோலும்

சங்க மலருக்கு இதுவரை நான் எழுதியவை எல்லாம் சீவக சிந்தாமணி, நீலகேசி, மேருமந்தர புராணம் என்று பழைய நூல்களைப் பற்றியவை. இந்த முறை காமிக்ஸ் பற்றி எழுதுகிறேன் என்று மலர்க்குழுத் தலைவரிடம் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நைனார், உடம்பு நல்லாத்தானே இருக்கு?” என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அது சிந்தாமணியிலிருந்து வெகுதூரமும் இல்லை.

ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் சிவகாசி லயன்-முத்து காமிக்ஸ் நிறுவனத்தார் அடுத்த ஆண்டு என்னென்ன வரப்போகிறது என்று அட்டவணை வெளியிடுகிறார்கள். அதைப் பார்த்துச் சந்தா கட்ட வேண்டும். பெட்டிக்கடை வாசலில் கயிற்றில் காமிக்ஸ் தொங்கிய காலம் மலையேறிவிட்டது. இன்று தமிழ்ச் சித்திரக்கதை என்றால் பெரும்பாலும் முன்பணம் கட்டி வரவழைப்பது, இல்லாவிட்டால் ஜனவரியில் சென்னைக்கோ ஆகஸ்டில் ஈரோட்டுக்கோ போய்ப் புத்தகக் காட்சியிலிருந்து சுமந்து வருவது. தங்கவயலில் இருந்துகொண்டு கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து வாங்க வழியில்லை. அறிவிப்பை நம்பித்தான் காசு கொடுக்கிறோம். வீட்டுப் பிள்ளை தமிழ் பேசுகிறான், எழுத்துக் கூட்டத் தெரியவில்லை என்று ஏங்குகிற குடும்பங்கள் நம்மில் ஏராளம். அவர்கள் என்னிடம் வந்து, “வரப்போறதுல எது நல்லா இருக்கும், எதை வாங்கலாம்?” என்று கேட்கிறார்கள். அறிவிப்பை எப்படிப் படிப்பது என்பதுதான் அந்தக் கேள்வியின் உட்பொருள்.

அறிவிப்பு படிப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு. என் தகப்பனார் ராபர்ட்சன்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருந்தார். பொட்டலம் மடிக்கப் பழைய பேப்பரை எடைக்கு வாங்குவோம். சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் லைன் வீடுகளிலிருந்து வரும் கட்டுகளில் செய்தித்தாள்களோடு முத்து காமிக்ஸும் கலந்து வரும். உள்பக்கங்கள் மெல்லிய தாள்; அவை கடலைப் பருப்புக்கும் காய்ந்த மிளகாய்க்கும் போய்ச் சேரும். அட்டை கனமானது, மடிக்க ஒத்துவராது. அது எனக்கு. அட்டையின் உள்பக்கத்திலோ பின்புறத்திலோ ‘அடுத்த வெளியீடு’ விளம்பரம் இருக்கும். ஆகவே பன்னிரண்டு பதிமூன்று வயதில் நான் கதைகளைப் படித்ததைவிட, வரப்போகும் கதைகளின் விளம்பரங்களைப் படித்ததுதான் அதிகம். சில கதைகளை விளம்பரத்தைக் கொண்டே மனசுக்குள் கட்டி முடித்துவிடுவேன். பல ஆண்டுகள் கழித்து அசல் புத்தகம் கிடைத்தபோது, ‘அட, நாம கட்டினதே தேவலையே’ என்று தோன்றியதும் உண்டு.

முத்து காமிக்ஸ் 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது. (அதே 1972-இல்தான் நம் சுரங்கங்கள் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்ற பெயருக்கு மாறின. இரண்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் என் தலைமுறைக்கு இரண்டும் சேர்ந்தே நினைவில் இருக்கின்றன.) 1984 ஜூலையில் லயன் காமிக்ஸ் ‘கத்திமுனையில் மாடஸ்டி’யோடு வந்தது. அதே ஜூலையில் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் வந்து, 500 இதழ்கள் கண்டு 2005-இல் நின்றது. முத்துவின் மாயாவி இரும்புக்கைக்காரர், ராணியின் மாயாவி முகமூடி வீரர். இரண்டு மாயாவிகளையும் போட்டுக் குழப்பிக்கொண்டு நாங்கள் சண்டை போட்டது தனிக்கதை. 2012 ஜனவரியில் லயன் ‘கம்பேக் ஸ்பெஷல்’ மூலம் நல்ல தாளும் முழு வண்ணமுமாக மறுபிறவி எடுத்தது. இன்றைய அட்டவணை முறை வேரூன்றியது அதற்குப் பிறகுதான்.

நிற்க. அறிவிப்பை எடைபோட அளவுகோல் வேண்டுமே? அது நம்மிடம் 800 ஆண்டுகளாக இருக்கிறது.

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் சமணர் என்பது எல்லோரும் அறிந்தது. அவரை எழுதச் சொன்ன சீயகங்கன் மூன்றாம் குலோத்துங்க சோழனுக்கு அடங்கிய கங்க மரபுச் சிற்றரசன். கல்வெட்டுகள் அவனைக் குவளாலபுரத்துக்குத் தலைவன் என்று விருது சொல்லி அழைக்கும். குவளாலபுரம் என்பது வேறெதுவும் இல்லை, நம் கோலார்தான். தங்கவயலிலிருந்து 30 கிலோமீட்டர். ஆக, தமிழ்ப் பிள்ளைகள் இலக்கணம் படிக்கும் நூலுக்கு ஊக்கம் கொடுத்தவன் நம் பக்கத்து ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சூடிக்கொண்டவன்! நம் சங்கமாவது இதை அடிக்கடி சொல்ல வேண்டும்.

அந்த நன்னூல் பாயிரத்தோடு தொடங்குகிறது. ஒரு நூலைப் படிக்க வருகிறவனுக்கு வாசலிலேயே சொல்லிவிட வேண்டிய செய்திகள் எட்டு என்று பவணந்தியார் வகுக்கிறார். நம் பேச்சில் சொன்னால்: எழுதினவர் யார், எதை ஒட்டி வந்தது, எந்த நிலப்பரப்பில் வழங்குவது, பெயர் என்ன, எப்படிக் கோக்கப்பட்டது, எதைப் பற்றியது, யாருக்காக, படித்தால் என்ன கிடைக்கும். இன்றைய காமிக்ஸ் அறிவிப்பும் ஒருவகைப் பாயிரமே. பாயிரம் இல்லாமல் நூல் இல்லை என்பார்கள் பெரியோர். சிவகாசிக்காரர்கள் அதை நன்றாகவே கடைப்பிடிக்கிறார்கள், சில சமயம் பாயிரம் வந்து நூல் வரத் தாமதமாகும், அவ்வளவுதான்.

முதலில் எழுதினவர் யார் என்பது. என்னிடம் சேர்ந்த அந்தப் பழைய அட்டைகளில் நாயகன் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், படைத்தவர் பெயரைத் தேடினாலும் அகப்படாது. இரும்புக்கை மாயாவியை வரைந்தவர் ஹெசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர் என்பதும், தொடக்கக் கதைகளை எழுதியவர் கென் பல்மர் என்பதும், 1962-இல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் அது தொடங்கியது என்பதும் எனக்குத் தெரிய முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்று அறிந்தபோது ஒரு நாள் முழுக்கக் கடையில் கணக்கு தப்பியது. இந்த விஷயத்தில் இன்றைய வெளியீடுகள் எவ்வளவோ தேறிவிட்டன. ஆகையால் என் முதல் யோசனை: நாயகனைப் பார்த்து வாங்காதீர்கள், கதாசிரியர்-ஓவியர் ஜோடியைப் பார்த்து வாங்குங்கள். ஒரே நாயகனுக்குப் பல கைகள் கதை எழுதும். டெக்ஸ் வில்லர் 1948-இல் ஜியான்லூய்ஜி பொனெல்லியும் அவ்ரேலியோ கலெப்பினியும் இத்தாலியில் தொடங்கியது. இன்றுவரை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், வரைந்துவிட்டார்கள். எல்லாம் ஒரே தரமாக இருக்க முடியுமா? ‘டெக்ஸ் வருகிறார்’ என்ற அறிவிப்பு பாதிச் செய்திதான். எந்த டெக்ஸ், யார் கையில் இருந்து என்பதுதான் மீதி.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொல்லாமையை நோன்பாகக் கொண்ட வீட்டில் பிறந்தவன் நான். ‘தலை வாங்கிக் குரங்கு’, ‘இரத்தப் படலம்’, ‘மின்னும் மரணம்’ என்று தபாலில் வந்து இறங்கும்போது என் தாயார் கவரைப் பார்த்துவிட்டு, “இதென்னடா, கசாப்புக் கடைக் கணக்கா?” என்று கேட்டிருக்கிறார். தமிழ்த் தலைப்பு வைப்பவர்களுக்கு ரத்தத்தின் மேல் ஒரு தனிப் பிரியம் இருக்கிறது, இது குறைதான். ‘இரத்தப் படலம்’ என்பது வான் ஹாமும் வில்லியம் வான்ஸும் 1984-இல் தொடங்கிய பதின்மூன்றாம் எண்காரன் கதை. தன்னை யாரென்றே மறந்துபோன ஒருவன் தன் பெயரைத் தேடி அலைவதுதான் அதன் உயிர். மறதிதான் பொருள், ரத்தம் வழியில் சிந்துவது. தலைப்பு வழியில் சிந்தியதைப் பிடித்துக்கொண்டது. எனினும் அடிதடி இருக்கிறது என்பதற்காக ஒரு கதையைத் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். திருத்தக்க தேவர் துறவி. அவர் பாடிய சிந்தாமணியில் இல்லாத போரா, இல்லாத மணமா? கடைசியில் சீவகன் எங்கே போய் நிற்கிறான் என்பதைக் கொண்டுதான் அந்த நூலை மதிக்கிறோம். காமிக்ஸுக்கும் அந்த நியாயத்தைக் கொடுக்கலாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பவணந்தியார் பட்டியலில் ஏழாவதாக நான் சொன்னது: யாருக்காக.

எந்த ஆண்டு அட்டவணையையும் எடுத்துக்கொள்ளுங்கள். மறுபதிப்பு என்று ஓர் இடம் இருக்கும். மாயாவி, ஸ்பைடர், லாரன்ஸ்-டேவிட், ரிப் கெர்பி, மாண்ட்ரேக் என்று பழைய தலைகள் புதிய சட்டை போட்டு வந்து நிற்பார்கள். அதைப் பார்த்ததும் என் போன்றவர்களுக்குக் கை பரபரக்கும். வரப்போவது என்று நாங்கள் கொண்டாடுவது பெரும்பாலும் போனதைத்தான். எங்களுக்கு வேண்டியது புத்தகம்கூட அல்ல. மிளகாய் நெடி அடிக்கும் அந்த அட்டை, சுரங்கச் சங்கு ஊதும் மாலை, ஷிஃப்ட் விட்டு வந்து கடையில் கணக்கு எழுதச் சொல்லும் முகங்கள். அதற்குப் பதிப்பாளர் என்ன செய்வார் பாவம்! சந்தா கட்டுகிறவர்கள் நாங்கள், கடிதம் எழுதுகிறவர்கள் நாங்கள், ஈரோட்டு வாசகர் சந்திப்பில் நாற்காலி பிடித்து உட்காருகிறவர்களும் நாங்கள்தான். (பவணந்தியார் பிறந்த ஊரை ஈரோட்டுப் பக்கத்துச் சீனாபுரம் என்பர். அதைப் பார்க்கத்தான் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஒருமுறை போய் வந்தேன்.) கேட்பவனுக்குத்தான் பாட்டு. நரைத்தவர்கள் கேட்டால் நரைத்தவர்களுக்கு ஏற்ற பாட்டு வரும்.

இதில் குற்றவாளி நான்தான் என்பதை ஒப்புக்கொண்ட பிறகே மேற்கொண்டு எழுத எனக்கு யோக்கியதை உண்டு. என் பேரன் பெங்களூரில் ஆறாவது படிக்கிறான். கன்னடமும் ஆங்கிலமும் சரளமாகப் படிப்பான், தமிழில் சினிமா போஸ்டரை எழுத்துக் கூட்டுவான். விடுமுறைக்கு வந்தவனிடம் ஆசையோடு மாயாவி மறுபதிப்பை நீட்டினேன். நாலு பக்கம் புரட்டினான். “தாத்தா, இவரு மறையறதுக்கு எதுக்கு ஒவ்வொரு தடவையும் ஷாக் அடிக்கணும்? சார்ஜ் பண்ணி வெச்சுக்க மாட்டாரா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். நான் இத்தனை வருஷம் கேட்காத கேள்வி! கதை மோசம் என்று இதற்குப் பொருள் அல்ல. பிளாஸ்கோவின் கறுப்பு-வெள்ளைக் கோடுகளுக்கு இணை இன்றும் குறைவு. ஆனால் அவன் அதை நோக்கி வர ஒரு படி தேவை, நான் முதல் படியிலேயே மாடியைக் காட்டிவிட்டேன்.

பிறகு லக்கி லூக் ஒன்றைக் கொடுத்தேன். பெல்ஜியத்து மோரிஸ் 1946-இல் படைத்தவர். எண்பது ஆண்டுக் கிழவர், வயது தெரியவில்லை. வண்ணம், பெரிய எழுத்து, சின்ன வாக்கியம். ‘டுமீல்’, ‘படீர்’, ‘ணங்’ என்ற ஒலிக்குறிப்புகளை முதலில் எழுத்துக் கூட்டினான். ஒலிக்குறிப்பும் இரட்டைக்கிளவியும் தமிழின் பெருஞ்சொத்து. சலசல, மடமட என்று நாம் வாயால் படம் வரைகிறவர்கள். பாடப்புத்தகத்தில் அது ஒரு மதிப்பெண் கேள்வி, காமிக்ஸில் அது சுவர் இடிந்து விழுகிற சத்தம். நாலு நாளில் அவன் பலூனுக்குள் இருக்கும் பேச்சையும் தொட்டுவிட்டான். தொட்டான் என்றுதான் சொல்கிறேன், படித்துக் கிழித்தான் என்று பீற்றிக்கொள்ளவில்லை. ‘ண’ வரும் இடத்தில் இன்னும் கன்னட எழுத்தைத்தான் எழுதுகிறான்.

ஆகவே பிள்ளைகள் உள்ள வீட்டார் அட்டவணையில் முதலில் தேட வேண்டியது லக்கி லூக், சிக் பில், ஸ்மர்ஃப், புளூ கோட் போன்ற சிரிப்புக் கதைகளை. அறிவிப்பில் இவற்றுக்குப் பெரிய முழக்கம் இருக்காது, ஒரு மூலையில் இருக்கும். மூலையைப் பாருங்கள்.

கல்லூரி வயதுக்கு மேற்பட்டவர்கள் நாயகன் இல்லாத கதைகளை எதிர்பார்க்கலாம். கிராஃபிக் நாவல் என்ற தலைப்பில் லயன்-முத்து அவ்வப்போது துணிந்து சிலவற்றைக் கொண்டுவந்திருக்கிறது. ஈரானில் சிறுமியாக வளர்ந்ததை மர்ஜான் சத்ரபி வரைந்த நூலைத் தமிழில் தந்தது விடியல் பதிப்பகம். அம்பேத்கரின் வாழ்வை கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்த ‘பீமாயணம்’ காலச்சுவடு வழியாகத் தமிழுக்கு வந்தது. அந்த நூலில் கட்டங்களே கிடையாது. பக்கம் முழுக்க ஒரு மரம் போலவும் மீன் போலவும் கதை படரும். இவை அட்டவணையில் சேர்ந்து வருவன அல்ல, தனியே தேடிப் பிடிக்க வேண்டும். ‘நிலா காமிக்ஸ்’ பொன்னியின் செல்வனைப் படக்கதையாக்கியிருக்கிறது. நல்ல முயற்சி, ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்த கதைக்குத்தான் மீண்டும் படம் போட வேண்டுமா என்று எனக்கு ஒரு முனகல் உண்டு.

மறுபதிப்புகளில் நான் விதிவிலக்குக் கொடுப்பது ஒன்றுக்கு. ‘தங்கக் கல்லறை’. கேப்டன் டைகர் என்று தமிழில் வழங்கும் புளூபெர்ரியின் கதை. எழுதியவர் ஷார்லியே, வரைந்தவர் ஜான் ஜிரோ. பிரெஞ்சில் இரண்டு பகுதிகளும் 1972-இல் ஆல்பங்களாக வந்தவை. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து மலை ஒன்றில் யாரோ கண்டு மறைத்த தங்கச் சுரங்கம் இருப்பதாக ஒரு கட்டுக்கதை உண்டு. அதைத் தேடிப் பேராசைக்காரர்கள் போகிறார்கள். ஈயத்துக்குப் பதில் தங்கத்தில் வார்த்த தோட்டாவால் யாரோ மறைந்திருந்து சுடுகிறார்கள். ஜிரோவின் பாறைகளைப் பாருங்கள். வெயிலின் சூடு தாளில் ஏறும்.

இந்தக் கதையைத் தமிழ்நாட்டு வாசகர் படிப்பது ஒருவிதம், தங்கவயல்காரன் படிப்பது வேறுவிதம். அங்கே தங்கம் என்பது ஒருவன் கண்டுபிடித்து, ஒருவன் திருடி, ஒருவன் செத்துப்போவதற்கான பொருள். மலைக்குள் பளபளவென்று காத்திருக்கும். நம் ஊரில் யார் அப்படிப் பார்த்தார்கள்? வெள்ளைக்கல் பாறையில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்து கிடந்தது. 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, வெக்கையில் வெந்து, வெட்டி ஏற்றி, மில்லில் மாவாக இடித்து, சயனைடில் கரைத்துப் பிரித்தால் ஒரு டன் கல்லுக்குச் சில கிராம். மிச்சம்தான் ஊரைச் சுற்றி நிற்கும் சயனைட் மேடுகள். கண்டவன் பெயர் என்று சொன்னால் 1870-களில் உரிமம் வாங்கிய மைக்கேல் லவேல் என்பார்கள். 1880-இல் வந்த ஜான் டெய்லர் கம்பெனி என்பார்கள். எடுத்தவர் பெயர் யாருக்குத் தெரியும்? வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கமிருந்தும் வந்து தட்டி வீடுகளில் குடியிருந்தவர்கள் ஆயிரம் ஆயிரம் பேர். தேடுகிறவன் கதை காமிக்ஸுக்குத் தெரிகிறது, தோண்டுகிறவன் கதை தெரியவில்லை. ஷார்லியேயின் கதையில் நான் குறை காண்பது இந்த ஓர் இடத்தில்தான். இது அவர் குற்றம் அல்ல, அவர் ஊரில் இருந்த கதையை அவர் சொன்னார். நம் ஊர்க் கதையை நாம்தான் சொல்ல வேண்டும். சினிமா 2018-இலும் 2022-இலும் ‘கே.ஜி.எஃப்.’ என்று நம் ஊர்ப் பெயரைச் சூட்டிக்கொண்டது. 2024-இல் ‘தங்கலான்’ வந்தது. படக்கதையில் மட்டும் நம் ஊரைக் காணோம்.

படமும் எழுத்தும் கலந்து கதை சொல்வது மேனாட்டுச் சரக்கு, அதற்கும் நமக்கும் ஒட்டாது என்று நம் சங்கத்துப் புலவர் ஒருவர் வாதிட்டார். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் திருப்பருத்திக்குன்றம் போய் வரச் சொன்னேன். வர்த்தமானர் கோயிலின் சங்கீத மண்டபம் விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-இல் கட்டியது. அதன் விதானத்தில் பிற்காலத்தில் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. ரிஷபதேவர் சரிதம், வர்த்தமானர் சரிதம், நேமிநாதருக்கு உறவினரான கண்ணனின் சரிதம் ஆகியவை வரிசை வரிசையாக ஓடும். ஒவ்வொரு காட்சிக்கும் அடியில் இது இன்னது என்று தமிழில் விளக்கம் எழுதியிருக்கும். கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, படம் பார்த்து, அடியில் எழுதியதைப் படித்து, அடுத்த காட்சிக்கு நகர வேண்டும். இதற்கு என்ன பெயர்? சிரவணபெளகுள மடத்துச் சுவரிலும் இவ்வாறே கதைகள் உண்டு. கழுத்து வலிதான் வித்தியாசம்.

அப்படியானால் அட்டவணையில் இல்லாத எதற்கு நான் காத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். இரண்டு சொல்கிறேன்.

ஒன்று, யசோதர காவியம். ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்று, பாடியவர் பெயர் தெரியாது. உயிர்ப்பலி கொடுக்க மனமில்லாத அரசன் யசோதரன், தாய் சந்திரமதியின் பேச்சைத் தட்ட முடியாமல் மாவினால் செய்த கோழி ஒன்றைப் பலியிடுகிறான். மாவுக் கோழிதானே! ஆனால் கொல்லும் எண்ணம் மாவு அல்லவே. அந்த ஒரு செயலுக்காகத் தாயும் மகனும் அடுத்தடுத்த பிறவிகளில் மயிலும் நாயுமாக, கடைசியில் மெய்யான கோழிகளாகவே பிறந்து அலைகிறார்கள். ஒரு கட்டத்தில் அரசன் முகம், அடுத்த கட்டத்தில் அதே கண்ணோடு மயில். இதைவிடப் படக்கதைக்குப் பொருத்தமான பொருள் எங்கே கிடைக்கும்? வடக்கே இந்தக் கதைக்கு ஓவியச் சுவடிகள் பல உண்டு. கன்னடத்தில் ஜன்னன் 1209-இல் யசோதர சரிதை பாடினான். தமிழ்ப் பலூனும் கன்னடப் பலூனுமாக இரு பதிப்பாகக் கொண்டுவந்தால் நம் பேரப்பிள்ளைகள் தெரிந்த எழுத்தில் கதையைப் பிடித்துக்கொண்டு தெரியாத எழுத்துக்குள் நுழைவார்கள்.

மற்றொன்று, நம் தங்கவயல். எங்கே தொடங்குவது என்றுகூட எனக்குள் சில கட்டங்கள் இருக்கின்றன. 1902-இல் சிவசமுத்திர அருவியிலிருந்து கம்பி வழியே மின்சாரம் நம் சுரங்கத்துக்கு வந்து சேர்ந்த இரவு. 1930-இல் தொழிலாளிகள் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தது. பக்கம் நிறைய ஒரே ஒரு கட்டைவிரல், அதன் ரேகைகளே சுரங்கப் பாதைகளாக விரியட்டும். 1926-இல் சாம்பியன் ரீஃபில் அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழை மறுபடி அச்சேற்றியது. 1965-இல் அதே சாம்பியன் ரீஃபில் 2 கிலோமீட்டருக்கும் கீழே டாடா ஆராய்ச்சிக் கழகத்தாரும் ஜப்பானியரும் ஆங்கிலேயரும் கருவி வைத்து, வானத்திலிருந்து பூமியைத் துளைத்து வரும் நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தது. பெரிதாகக் கொண்டாடப்பட்ட வேலை. கருவி இருந்த ஆழத்துக்கு ஆளையும் பொருளையும் இறக்கி ஏற்றியது நம் ஆட்கள். இரும்புக்கை மாயாவி ஷாக் அடித்துத்தான் மறைய வேண்டும், நியூட்ரினோ பிறவியிலேயே மாயாவி! கடைசியாக, 2001 பிப்ரவரி 28. சுரங்கம் மூடிய நாள். அதற்கு எழுத்தே வேண்டாம். மறுநாள் விடியலில் மாரிக்குப்பம் ரயிலடியில் பெங்களூர் வண்டிக்கு நிற்கும் கூட்டத்தை வரைந்தால் போதும்.

வரைய ஆள் இருக்கிறார்களா என்றால், இருக்கிறார்கள். பெங்களூரில் அனிமேஷன் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் சிலரை எனக்கே தெரியும். கதை சொல்ல வேண்டிய பெரியவர்கள்தான் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். அடுத்த பொதுக்குழுவில் சங்கம் இதற்கு ஒரு சிறு தொகை ஒதுக்க வேண்டும் என்றும், படிப்பகத்துக்குக் குழந்தைக் கதைகள் அடங்கிய சந்தா ஒன்று கட்ட வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் 16 பக்கம் போதும், கறுப்பு-வெள்ளையிலேயே போதும்.

என் சொந்தக் கணக்கில் அடுத்த ஆண்டுக்கு மறுபதிப்பு எதுவும் வேண்டாம் என்று எழுதி, அந்தப் பணத்தில் பேரன் பெயருக்கு லக்கி லூக்கும் ஸ்மர்ஃபும் வரச் சொல்லியிருக்கிறேன். மாயாவி வந்தால் மட்டும் ஒரு பிரதி தனியே அனுப்பும்படி கடையின் விலாசம் கொடுத்திருக்கிறேன். வீட்டு விலாசம் கொடுக்கவில்லை.